உம்மா தேய்த்த கண்ணாடிகள்

கிண்ணியாவில் ஸுல்பிகாவின் குடும்பத்தில் அவளுக்கு முன் ஒருவரும் கெம்பஸ் வாசலை மிதித்ததில்லை. பௌதிகவியலில் பட்டம் எடுத்து, அரசாங்கக் காரியாலயமான கச்சேரிக்கு முன்னால் மற்றப் பட்டதாரிகளோடு வெயிலில் குந்தி, வேலை கேட்டுத் தொண்டை கிழியக் கத்திய பிறகு, அவளுக்குக் கிடைத்த உத்தியோகம் ஊத்தைக் கண்ணாடிக்குக் காவல். சித்தி பரீதா என்று பெயர் கொண்ட அவளுடைய உம்மா ஊருக்குள் அப்படித்தான் சொல்லித் திரிந்தார்.

சோலார் தகட்டை மூடும் கண்ணாடியில், வெயில் தெறித்து வீணாகாமல் இருக்க நீலம் மினுங்கும் மெல்லிய பூச்சு ஒன்று பூசுவார்கள். ஊரை ஒட்டிய கடற்குடாவின் உப்புக் காற்றில் அது எத்தனை வருஷம் தாங்கும்? அதைப் பார்க்கத்தான் அவளை வேலைக்கு எடுத்த கெம்பஸ் விரிவுரையாளர் டொமினிக், பல விதமாகப் பூசிய பன்னிரண்டு கண்ணாடித் துண்டுகளைச் சட்டத்தில் மாட்டி, ஸுல்பிகா வீட்டின் மட்டக் கூரையான கொங்கிரீட் தட்டின் மேல் வைத்திருந்தார். ஒரு வருஷத்துக்கு எவரும் தொடக் கூடாது. ஒழுங்காக முடிந்தால் அவளுடைய வேலை நீடிக்கும். இல்லாவிட்டால் திரும்பவும் கச்சேரி வாசல்தான்.

பதினோராவது மாதம் பெருநாள் வந்தது. பெருநாளுக்கு முதல் நாள் வீட்டில் கழுவாத சாமான் இருக்கக் கூடாது என்பது சித்தி பரீதாவின் சட்டம். டவுனுக்குப் போய்த் திரும்பிய ஸுல்பிகாவுக்கு வீதி முனையிலேயே கண் கூசியது. தட்டுக்கு ஓடினாள். பன்னிரண்டு துண்டுகளும் பளபளத்தன. பக்கத்தில் வாளி, தேங்காய் நார்ப் பொச்சு, அடுப்புச் சாம்பல்.

“உம்மா! என்ன செஞ்சி வெச்சிருக்கீங்க?”

“கழுவினன். வேறென்ன? காகம் இருந்து இருந்து வெள்ளையடிச்சிருந்திச்சி. படிச்ச புள்ளைக்கு ஒரு கண்ணாடி துடைக்கத் தெரியாதா எண்டு பெருநாளுக்கு வாற சனம் கேட்டா?”

“அதில இருந்த பூச்சு போச்சு! என்ட வேலையும் போச்சு!”

“பூச்சா? நான் எண்ணெய்ப் பாடு எண்டெல்லோ நினைச்சன். நீலமாக் கிடந்திச்சி. என்ன தேய் தேச்சும் ரெண்டு துண்டில மட்டும் போகல்ல.”

ஸுல்பிகா தலையில் கை வைத்துக் குந்திவிட்டாள். அதைக் கண்டபிறகுதான் சித்தி பரீதாவுக்கு விஷயம் உறைத்தது. உடனே குசினிக்குப் போய்ச் சோறு அள்ளி வந்து சட்டத்தைச் சுற்றி எறிந்தார்.

“கா... கா... தின்னுப் போட்டு இதில இருங்க!”

காகங்கள் சோற்றைத் தின்றன. மிச்ச வேலையை அடுத்த வீட்டு ஸெய்னுதீனின் மோட்டார் சைக்கிள் மேல் முடித்துக்கொண்டன.

“பேசாம இரி புள்ள. அந்த டொமினிக் சேருக்கு என்ன தெரியப் போகுது?”

மறுநாள் வட்டிலப்பம் சாப்பிட வந்த டொமினிக்கைக் கதிரையில் இருக்கவும் விடாமல் ஸுல்பிகா மேலே கூட்டிப் போனாள்.

“உம்மா பொச்சும் சாம்பலும் போட்டுத் தேச்சிட்டாங்க சேர். பத்துத் துண்டில பூச்சில்ல.”

டொமினிக்கின் முகம் விழுந்தது. “பதினொரு மாசம்! தொட வேண்டாமெண்டு போர்ட் போட்டனான் தானே?”

“இங்கிலீசில போட்டீங்க.”

“உங்களை வேலையிலயிருந்து நிப்பாட்டுறதைத் தவிர எனக்கு வழியில்லை, ஸுல்பிகா.”

அவளுக்குக் கோபம் ஏறியது.

“நிப்பாட்டுங்க. இந்தக் கண்ணாடி எந்தக் கூரைக்கு வரப் போகுது? எங்கட கூரைக்குத்தானே? பெருநாளுக்குச் சோலார் தேய்க்காத ஒரு வீட்டை இந்த ஊரில காட்டுங்க பாப்பம்! உப்புக் காத்துக்குத் தாங்கி உம்மாமாருக்குத் தாங்காத பூச்சு எதுக்கு? நீங்களும் யோசிக்கல்ல, நானும் யோசிக்கல்ல.”

டொமினிக் நீலம் போகாத இரண்டு துண்டுகளையும் கழற்றி, வெயிலில் சரித்துச் சரித்துப் பார்த்தார். உப்பும் சாம்பலும் பட்டும் அவற்றில் பூச்சு அப்படியே இருந்தது.

“திரும்ப முதலிலயிருந்து வைப்பம்,” என்றார் கடைசியில். “பாதி தொடாமல், பாதி தேச்சு. நீங்கள் இன்னொரு வருஷம் வேலையில நிக்கத்தான் வேணும்.” படியில் நின்ற சித்தி பரீதாவைப் பார்த்தார். “அம்மா, கிழமைக்கு ஒருக்கா இதே மாதிரித் தேச்சுத் தருவீங்களே?”

“எனக்கென்ன விசரா? ஒரு நாள் தேச்சே முதுகு விட்டுப் போச்சு. சம்பளம் எடுக்கிறவ தேய்க்கட்டும்.”

அடுத்த கிழமை ஸுல்பிகா பொச்சோடு தட்டில் குந்தியிருந்தாள். பக்கத்தில் குடையைப் பிடித்தபடி கதிரையில் சித்தி பரீதா.

“மூலையப் பாரு புள்ள, மூலைய! இப்படித் தடவினா உங்கட சேருக்கு என்ன விளங்கும்? அழுத்து!”

ஸுல்பிகா பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள்.