அறுபதா, நூற்றிருபதா

எங்கள் பள்ளியின் கணக்குத் துறைத் தலைவர் முப்பது வருடமாகப் பாடம் நடத்துகிறார். அதில் ஏறியது தலைக்கனம் மட்டும்தான். கோணமானியில் எண்கள் இரண்டு வரிசையாக இருக்கும். ஒன்று இடமிருந்து, மற்றது வலமிருந்து. எந்த வரிசையைப் படிப்பது என்பது ஆறாம் வகுப்புப் பாடம். அன்றைக்கு மகானுபாவர் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டிருக்க வேண்டும்.

ஆண்டுத் தேர்வில் ஒரு முக்கோணத்தை வரைந்து கொடுத்து, கோணங்களை அளந்து வகையைச் சொல்லக் கேட்டிருந்தார். காலை நீட்டிப் படுத்த ஆள் மாதிரி அகன்று கிடந்த முக்கோணம். குருடனுக்கும் தெரியும், அது விரிகோணம். அவருடைய விடைக்குறிப்பில் இருந்ததோ 60, 35, 25, குறுங்கோண முக்கோணம். கூட்டினால் நூற்றிருபதுதான் வருகிறது. மூன்றும் சேர்ந்தால் நூற்றெண்பது என்று தினமும் தொண்டை கிழியக் கத்துகிற வாய்!

நான் கணக்கு நடத்தும் வகுப்பில் ஒரு பெண் வாய்க்குள்ளேயே கணக்குப் போடுவாள். 'முணுமுணுப்பு' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவள் 120 என்று சரியாக அளந்து, விரிகோண முக்கோணம் என்று எழுதியிருந்தாள். இரண்டு மதிப்பெண்ணும் போச்சு. முப்பத்து நாலில் நிற்கிறாள், தேர்ச்சிக்கு முப்பத்தைந்து. இன்றைக்கு நாலு மணிக்குத் தேர்ச்சிப் பட்டியல் ஒட்டிவிட்டால் அதே வகுப்பில் இன்னொரு வருடம்.

அவளையும் தாளையும் ஆசிரியர் அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"ஒண்ணு ரெண்டு டிகிரி முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும், விடுங்க டீச்சர்," என்றார் தலைவர்.

"அறுபது டிகிரி சார்! கூட்டத் தெரியாதவங்கள்லாம் எதுக்கு சார் கணக்குப் பக்கம் வரணும்?"

அறையே திரும்பிப் பார்த்தது. எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

அவர் கோணமானியை வைத்து மறுபடி அளந்தார். முகம் சுண்டியது. பிறகு விடைக்குறிப்பின் கடைசிப் பக்கத்தை என் பக்கம் திருப்பினார். 'சரிபார்த்தேன்' என்ற வரிக்குக் கீழே என் கையெழுத்து. ஒரு எழுத்துகூடப் படிக்காமல் போட்டது.

"தப்புதான். ரெண்டு பேரும் கவனிக்காம விட்டுட்டோம்னு ஹெட்மாஸ்டருக்கு எழுதிக் குடுத்தா மாத்திடலாம். நான் ரெடி. நீங்க?" என்று பேனாவை நீட்டினார்.

மணி மூன்றே முக்கால். இத்தனை பேர் பார்க்க, அதுவும் இந்த ஆளோடு சேர்ந்து எழுதுவதா? வெட்கம் பிடுங்கித் தின்றது. பக்கத்தில் அவள் நூற்றிருபதையும் முப்பத்தைந்தையும் இருபத்தைந்தையும் முணுமுணுவென்று கூட்டிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு வாம்மா, பாத்து செய்யலாம்," என்றேன்.

"நாளையிலிருந்து லீவு, டீச்சர்," என்றாள்.