தில்லையம்பலத்தாரின் சீனம்

பாரிஸ் லாச்சப்பல் வாழ் தமிழ் மக்களுக்கு இதனால் அறிவிப்பது யாதெனில், சீனா பற்றிய இறுதித் தீர்ப்பு தில்லையம்பலத்தாருடையதே.

கோசலையின் மளிகைக்கடையில் அவர் அப்படி முழங்கிக்கொண்டிருந்தபோதுதான், சீனாவின் காஷ்கரில் வேலை பார்க்கும் அவள் கணவன் துஷ்யந்தன் வீடியோவில் அழைத்தான். அவள் கொடுத்துவிட்ட யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளை ஏதோ இரசாயனம் என்று சந்தேகித்து, ரயில் நிலையக் காவலர் அவனை மறித்துவைத்திருந்தார்.

"அண்ணை, சீனம் உங்களுக்குத் தண்ணிபட்ட பாடெல்லோ! கறித்தூள் எண்டு சொல்லுங்கோ. இல்லாட்டி இவரை உள்ளுக்குப் போட்டிடுவாங்கள்."

கோசலை கைபேசியை அவரிடம் நீட்டினாள். திரையில் காவலர் முறைத்தார். தில்லையம்பலத்தார் தொண்டையைச் செருமினார்.

"இஞ்சை சிக்னல் சரியில்லைப் பிள்ளை."

"அவர் வடிவாத் தெரியிறார், கதையுங்கோ!"

பொறுத்துப் பார்த்த துஷ்யந்தன், ஒரு பிடி தூளை வாயில் போட்டு, கண்ணீர் வழிய விழுங்கிக் காட்டினான். காவலர் வழிவிட்டார்.

தில்லையம்பலத்தார் சீனாவுக்குப் போனது ஒரேயொரு தடவை, விமானம் மாறுவதற்கு.