கேபிளின் என் பக்கம்

அக்கா, நீ தூங்கியிருப்பாய். பயமாக இருக்கிறது. யாரிடமாவது கொட்டிவிட வேண்டும் என்று போனில் இதை அடிக்கிறேன்.

நம் பட்டறையில் இரும்பு வெட்டும் பெரிய மெஷினுக்குப் பக்கத்தில் அதை ஓட்டும் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர் இருக்கிறதே, அதன் பிளாப்பி டிரைவ் செத்துப்போய்விட்டது. அப்பா ஆபீஸ் கம்ப்யூட்டரில் போடும் அளவுகளை அதற்குள் கொண்டுபோக மிச்சம் இருப்பது முதுகில் கேபிள் செருகும் சீரியல் போர்ட் மட்டும்தான். இரண்டுக்கும் நடுவே கேபிள் இழுத்தோம். அனுப்பும் புரோகிராம் எனக்கு, வாங்கும் புரோகிராம் லீவுக்கு வந்திருக்கும் அத்தை மகளுக்கு என்று அப்பா பிரித்துக் கொடுத்தார்.

நீ கல்யாணமாகிப் போன பிறகு அப்பா என்னைத்தான் 'மூளை' என்று கூப்பிடுவார். "மூளை, இங்க வா, பிரிண்டர் மக்கர் பண்ணுது." இவள் வந்து இறங்கியதும் அந்தப் பெயர் இவளுக்குப் போய்விட்டது. நான் வெறும் 'ஏய்'.

கிழட்டுக் கம்ப்யூட்டர் வாங்கியதை டிஸ்கில் எழுதும்போது வேறெதையும் வாங்காது. அந்த நேரம் 'நிறுத்து' என்று அது ஒரு சைகை அனுப்பும், என் புரோகிராம் பொறுத்திருந்து பிறகு மீதியை அனுப்ப வேண்டும். இது அவள் யோசனை.

"நான் நிறுத்துன்னு சொன்னா உன்னோடது நிக்கும்ல?"

"நிக்கும், நிக்கும். எனக்கு ஒண்ணும் நீ பாடம் எடுக்க வேணாம்."

நிற்காது, அக்கா. அதை நான் எழுதவே இல்லை. அவளுக்குத் தோன்றியது என்ற ஒரே காரணத்துக்காக எழுதப் பிடிக்கவில்லை.

ஒரு சின்ன வளையத்துக்கான ஃபைலை அனுப்பிப் பார்த்தோம். சின்னது என்பதால் நிறுத்த வேண்டிய தேவையே வரவில்லை, ஒரு எழுத்து பிசகாமல் போய்ச் சேர்ந்தது. "பாத்தியா என் மருமகள!" என்று அப்பா அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறை.

அண்ணன் என்னைப் பார்த்து, "ஏய், காதுல புகை வருது, தீயணைப்பு வண்டிய வரச் சொல்லவா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்.

சிரிக்கட்டும் என்று விட்டேன். பெரிய ஃபைல் நிற்காமல் போகும்போது எழுத்துகள் விடுபடும். விடுபடுவது அவள் பக்கத்தில். உடைந்தது அவள் புரோகிராம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பேன்.

அதை முன்கூட்டியே பார்க்கும் ஆசையில்தான் இன்று சாயங்காலம், யாரும் இல்லாதபோது, நாளைய வேலைக்கான பெரிய ஃபைலை அனுப்பினேன். இரண்டு கம்ப்யூட்டரிலும் இருந்ததை ஒப்பிட்டேன். அங்கங்கே எழுத்துகள் காணோம். வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் ஒரு வரி கண்ணில் பட்டது. கத்தி 2.5 மில்லிமீட்டர் இறங்க வேண்டிய இடத்தில் புள்ளி மட்டும் விடுபட்டு 25 என்று இருந்தது.

ஒரே வெட்டில் அவ்வளவு ஆழம் இறங்கினால் கத்தி உடைந்து தெறிக்கும். அண்ணன் எப்படி நிற்பான் என்று உனக்குத் தெரியும். பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூஞ்சியை மெஷினுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்துக்கொண்டு.

சொல்லிவிடலாம் என்று மாடிக்கு ஓடினேன். அப்பா அத்தையோடு போனில் இருந்தார். "உன் பொண்ணு தங்கம். இங்கயும் ஒண்ணு இருக்கே..." என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அப்படியே திரும்பிவிட்டேன்.

இப்போது பட்டறை பூட்டியிருக்கிறது. சாவி அப்பாவின் தலையணைக்கடியில். விடிவதற்குள் அண்ணன் அதை வாங்கிக்கொண்டு கீழே இறங்கி, அந்த ஃபைலைத்தான் ஓட்டுவான். "ஓட்டாதே" என்றால் "ஏன்" என்பான். சொன்னால் அவள் கேட்டது சரி, நான் சொன்னது பொய் என்றாகும். அண்ணன் கண் போகுமே என்ற பயத்திலும் எனக்கு அதுதான் உறுத்துகிறது. பக்கத்தில் அவள் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறாள். தூங்கும்போது அப்படியொன்றும் அழகாக இல்லை.

எழுப்பிவிட்டேன், அக்கா.

"நிக்காது" என்றேன்.

"என்னடி நிக்காது?"

"என் புரோகிராம். நீ நிறுத்துன்னா நிக்காது. நான் எழுதவே இல்ல."

"பெரிய ஃபைல அனுப்பிட்டியா?"

"ம்."

ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுவும் எரிகிறது. "இரு, மாமாவ எழுப்பறேன்" என்று எனக்கு முன்னால் எழுந்து நடந்தாள்.

இப்போது அப்பா அறை வாசலில் நிற்கிறோம். கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள், பிடித்துக்கொண்டேன்.

"விடுடி. இந்த நேரத்துல யாருக்கு டைப் பண்ற?"

"அக்காவுக்கு. நீ தள்ளு. நான்தான் தட்டுவேன்."

"அடிப்பாரு. பரவாயில்லையா?"

"எங்கப்பா. என்னைத்தான் அடிக்கணும்."

தட்டிவிட்டேன். உள்ளே கட்டில் கிறீச்சிடுகிறது.