கூரையைத் தொட்ட சரக்கு

விடியும்போதே கிடங்குக்குள் ஆளைப் பொசுக்கும் வெக்கை. பெட்டி பெட்டியாக மேசை விசிறிகள்; சுற்றுவதற்கு ஒன்றுகூடக் கிடையாது. மூட்டை சுமக்கிறவனுக்குக் காற்று எதற்கு என்பது முதலாளியின் கணக்கு. ஏணி என்று எல்லோரும் கூப்பிடும் சுமைக்காரன் தோளில் பெட்டியோடு அடுக்கின்மேல் ஏறினான். ஆள் நெட்டை என்பதால் அந்தப் பட்டப்பெயர். தகரக் கூரை உச்சந்தலையில் உரச, கடைசிப் பெட்டியை இடுக்கில் தள்ளிச் செருகினான். அட்டைத் தூசியில் தும்மல் பிடுங்கியது. இனிமேல் ஒரு பெட்டிக்கும் இடமில்லை.

போன கோடையில் கதையே வேறு. கடைகளில் சரக்கு காலியாகி, லாரிகள் வாசலில் வரிசை கட்டி நின்றன. எல்லா ஊர் முதலாளிகளும் போட்டி போட்டுக்கொண்டு உற்பத்தியைக் கூட்டினார்கள். லாரி வருவது நின்ற பிறகும் இங்கே மெஷின் நிற்கவில்லை. கூரை தொட அடுக்குகிறவனுக்குப் புதுச் சட்டை என்றார் முதலாளி. ஏணி பேய் மாதிரி அடுக்கினான். தன் பிழைப்புக்குத் தானே குழி வெட்டுவது அந்த மடையனுக்கு அப்போது உறைக்கவில்லை. அந்தச் சட்டைதான் இப்போது முதுகில் கிழிந்து தொங்கியது.

முதலாளி வந்து எல்லோரையும் கூட்டினார்.

"இன்னியோட மெஷின் நிறுத்தம். நாடு பூரா சரக்கு தேங்கிக் கிடக்கு, நான் என்ன செய்ய? கடையெல்லாம் காலியாகட்டும், கூப்பிட்டு அனுப்பறேன்."

"அதுவரைக்கும் என்னத்தைத் திங்கறது?" என்றாள் பெட்டி கட்டும் பகுதியில் வேலை செய்யும் ஏணியின் மனைவி. "சரக்கு கொறைஞ்சா ராத்திரி பகலா வேலை வாங்கறீங்க. நெறைஞ்சா வெளிய போங்கறீங்க. விக்காதது எங்க தப்பா?"

"வேணும்னா ஆளுக்கு ஒரு விசிறி எடுத்துட்டுப் போங்க."

"கரண்டு புடுங்கின வீட்டுல அதை வெச்சு என்ன பண்றது, மொதலாளி?" என்றாள் அவள்.

இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்பு நிலைக்கவில்லை.

எல்லோரும் வெளியேறியதும் முதலாளி ஏணியின் தோளைத் தொட்டார். "நீ இரு. மொத்தத்தையும் பாதி வெலைக்குத் தள்ளிட்டேன். லாரி வருது. ஏத்தி முடிக்கிற வரைக்கும் உனக்குக் கூலி உண்டு."

"முடிஞ்சப்புறம்?"

"அப்புறம் பாக்கலாம்."

வாடகை கேட்டு வீட்டுக்காரர் தினமும் வாசலில் நிற்கிறார். இந்தக் கூலி வந்தால் தெருவுக்கு வராமல் தப்பலாம். ஏணி ஒரு பெட்டியை இறக்கி வாசலுக்குக் கொண்டுவந்தான். வெளியேறியவர்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை; எதிர்ச்சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தார்கள். மனைவி எழுந்து வந்தாள்.

"ஏத்தப் போறீங்களா?"

"வாடகை குடுக்கணுமே."

"குடுக்கணும்தான். கிடங்கு காலியாயிட்டா நம்மளை யாரு மதிப்பா? உள்ள இருக்கிற சரக்கு ஒண்ணுதான் நமக்கிருக்கிற பிடி. அது வெளிய போகாம இருந்தாத்தான் மொதலாளி நம்மகிட்ட பேசுவாரு."

லாரி வந்து ஹாரன் அடித்தது. வீட்டுக்காரரின் முகம் ஏணியின் கண்முன் வந்துபோனது. பெட்டியை வாசற்படியின் குறுக்கே வைத்து அதன்மேல் உட்கார்ந்தான்.

"எத்தனை நாளைக்குடா உக்காருவே? நாளைக்கே வேற ஆள் கொண்டாந்து ஏத்துவேன்," என்றார் முதலாளி. வீம்புக்குச் சொல்லவில்லை. வேலையில்லாத ஆட்கள் எந்தத் தெருவிலும் கிடைப்பார்கள். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

தெரிந்தும் ஒவ்வொருவராக வந்து வாசலை அடைத்து உட்கார்ந்தார்கள். டிரைவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இன்ஜினை அணைத்தார்.

ஏணி நகர்ந்து பெட்டியில் இடம் விட்டான். "உக்காரு. ரெண்டு பேரைத் தாங்குமான்னுதான் தெரியலை."

"நான் கட்டின பெட்டி," என்று பக்கத்தில் உட்கார்ந்தாள் மனைவி. "தாங்கும்."