கையில் இருந்த பாட்டில்

"அமுக்கிப் பாருங்கிறேன்."

"பெயின்ட்டு இன்னும் காயல."

"பெயின்ட்டுக்கு ஒண்ணும் ஆகாது. கட்டை விரலை அங்கன வச்சு அமுக்கு மாப்ள."

விருமாண்டி அமுக்கவில்லை. அமுக்கினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். அதனால் அசீமே குனிந்து, பலகையின் மூக்குப் பக்கம், மஞ்சள் புதிதாகப் பளபளத்த இடத்தில் கட்டை விரலை வைத்தான். ஓடு உடைந்தது. விரல் அடிவரை உள்ளே போனது. அவன் அதை உருவவில்லை. உள்ளேயே விட்டுச் சுற்றித் துழாவினான். எங்கேயும் எதுவும் தட்டுப்படவில்லை.

"தெர்மகோலு எங்கடா?"

விருமாண்டி, மக்கில் ரெசின் பிசினை ஊற்றித் தயாராக வைத்திருந்த மேசைப் பக்கம் போய், ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டான். வேலை பார்ப்பவன்போல நின்றால் கேள்வி நின்றுவிடும் என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

கப்பலூர் தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில் இருந்தது அவர்கள் இருவரும் சேர்ந்து நடத்திய ஃபைபர் பட்டறை. ஏழு வருடமாகத் தண்ணீர்த் தொட்டியும் பாத்ரூம் கதவும் டிராக்டர் கூரையும் செய்துகொண்டிருந்த இடத்துக்கு, போன வாரம்தான் இந்தப் பலகை வந்தது. மண்டபம் பக்கத்துக் கடற்கரையில் பயிற்சி முகாம் நடத்தும் அஸ்வினி என்ற பெண் அனுப்பியது. மேலே பாய் கட்டி, நின்றுகொண்டே காற்றைப் பிடித்துக் கடலில் பாய்கிற பலகை. பாறையில் மோதி மூக்கில் மூன்று பள்ளம், ஓரத்தில் ஒன்று. இதை ஒழுங்காகச் செய்து கொடுத்தால் முகாமில் இருக்கும் மற்றப் பலகைகளும் உங்களுக்குத்தான் என்று சொல்லியிருந்தாள். கூடவே, எப்பாக்ஸி ரெசின் தவிர வேறு எதையும் தொடக்கூடாது என்றும் சொல்லியிருந்தாள். அசீம் அதை மார்க்கர் பேனாவால் சுவரில் எழுதியே வைத்திருந்தான்.

இன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுதுவிட்டு, அப்படியே டவுனில் எப்பாக்ஸி வாங்கிக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போனான் அசீம். அவன் திரும்புவதற்குள் முடித்து வைத்துவிட்டால் அவன் முகம் எப்படி இருக்கும் என்று விருமாண்டிக்கு ஒரு ஆசை. சுவரில் எழுதியிருந்ததை அவன் படிக்காமல் இல்லை. ரெசினில் என்ன பெரிய வித்தியாசம் என்றுதான் நினைத்தான். தொட்டிக்கு ஊற்றுகிற ரெசினையே கலந்து முதல் பள்ளத்தில் ஊற்றினான்.

பலகை சீறியது. உள்ளே இருந்த தெர்மகோல் சுருண்டு, கரைந்து, வழி விட்டது. பள்ளம் முஷ்டி அளவானது. அதில் ஃபைபர் துணியைத் திணித்து மறுபடி ஊற்றினான். அதுவும் தின்றுகொண்டே உள்ளே போனது. பூசணிக்காய் அளவு பொந்தான பிறகுதான் அவனுக்கு வேர்த்தது. மேலே துணி ஒட்டி, பட்டி இழுத்து, எமரி தேய்த்து, மஞ்சள் அடித்து, ஃபேனைத் திருப்பி வைத்தான். இப்போது இன்னொரு பூச்சுக்காக மக்கில் ரெசின் தயாராக இருந்தது.

"எழுதிப் போட்டேன்ல? உனக்குக் கண்ணு தெரியாதா?" என்றான் அசீம். விரலைத் துடைத்துக்கொண்டிருந்தான். "செஞ்சதுகூடப் பரவால்ல. மூடி பெயின்ட் அடிச்ச பாரு. நடுக்கடல்ல இது ரெண்டா ஒடிஞ்சு, மேல நிக்கிற புள்ள செத்தா யாருடா பதில் சொல்லுறது?"

"சொல்லலாம்னுதேன் இருந்தேன்."

"எப்ப? கருமாதிக்குப் போறப்பவா?"

தேய்ப்பு வேலை பார்க்கும் பாண்டியம்மாள், எமரித் தாளைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றாள். இந்த இருவரின் சண்டையை அவள் நிறையப் பார்த்தவள். "ஆரம்பிச்சுட்டாய்ங்களா," என்று முணுமுணுத்துக்கொண்டே ரெசின் மக்கை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"நீ தொட்டிக்குத்தான்டா லாயக்கு," என்றான் அசீம். "அதுவும் கக்கூஸ் தொட்டிக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் விருமாண்டியின் காதில் விழுந்தது. மற்றது எதுவும் விழவில்லை.

அவர்கள் அடித்துக்கொள்வது புதிது இல்லை. மாதத்துக்கு ஒரு தடவை சட்டை கிழியும், உதடு வீங்கும், பிறகு ஒரே வண்டியில் போய் பரோட்டா தின்பார்கள். ஆனால் அதற்கு ஒரு முறை இருந்தது. பட்டறைச் சாமான் எதுவும் கையில் இருக்கக்கூடாது. கிரைண்டரோ, பட்டித் தகடோ, கத்தரியோ, முதலில் கீழே வைக்க வேண்டும். அதுவரை மற்றவன் காத்திருப்பான். ஒரு தடவை விருமாண்டி ரோலரைக் கழுவி மாட்டுகிற வரைக்கும் அசீம் முஷ்டியை மடக்கியபடி பொறுமையாக நின்றதும் உண்டு.

இன்று விருமாண்டி கீழே வைக்கவில்லை.

பாட்டில் இருந்த கையாலேயே குத்தினான். முதல் குத்து அசீமின் தோளில் விழுந்தது. அசீம் அவன் வயிற்றில் முழங்காலை ஏற்றினான். இருவரும் பலகை மேல் சாய்ந்தார்கள். மஞ்சள் ஓடு நொறுங்கி விருமாண்டியின் முழங்கை பொந்துக்குள் போய்ச் சிக்கியது. அதை உருவிய வேகத்தோடு இரண்டாவது குத்து. பாட்டிலின் மூடி தெறித்தது. தண்ணீர்போல உள்ளே இருந்த கேட்டலிஸ்ட் சடாரென்று அசீமின் முகத்தில் அடித்தது.

ஒரு நொடி அசீம் ஒன்றும் செய்யவில்லை. பிறகு இடது கண்ணைப் பொத்திக்கொண்டு தரையில் உருண்டான். அவன் தொண்டையிலிருந்து வந்த சத்தம் மனிதச் சத்தமாக இல்லை.

கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் கண் போய்விடும் என்பது ஃபைபர் பட்டறையில் கால் வைக்கிற எவனுக்கும் தெரியும். விருமாண்டிக்குத் தெரியாதா? தெரிந்தும் நின்றான். கையில் அந்த பாட்டிலைப் பிடித்துக்கொண்டு மரம்போல நின்றான். பாண்டியம்மாள் கட்டைத் துடைப்பத்தை எடுத்து அவன் முதுகில் ஓங்கி அடித்தாள்.

"தூக்குடா தண்ணிக்கு. நிக்கிறான் பாரு."

அசீமின் சட்டையைப் பிடித்துத் தரையோடு இழுத்தான். வாசலில், விற்பதற்கு நிறுத்தியிருந்த தொட்டியில் தண்ணீர் இருந்தது. குழாயைத் திறந்து, அதன் அடியில் அசீமை மல்லாத்தி, மார்பில் முழங்காலை ஊன்றினான். கண்ணைப் பொத்தியிருந்த கையை விலக்க வேண்டியிருந்தது. அசீம் விடவில்லை. தன்னைக் கொல்லப் போகிறான் என்றுதான் அவன் நினைத்திருக்க வேண்டும். விருமாண்டியின் வாயில் குத்தினான். முன்பல் ஒன்று உதட்டைக் கிழித்தது. முன்கையைக் கடித்தான், தோல் பிய்ந்து வந்தது. விருமாண்டி அவன் மணிக்கட்டை முறுக்கி மண்ணில் அழுத்தினான். பாண்டியம்மாள் கால்களின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"இமையப் பிரி. இறுக்கி மூடியிருக்கான், தண்ணி உள்ள போகல," என்றாள்.

இரண்டு விரலால் இமையைப் பிரித்தான். மீன் செதிளைப் பிரிப்பதுபோல வழுக்கியது. குழாய்த் தண்ணீர் நேராகக் கண்ணில் விழுந்தது. அசீம் உடம்பை வில்லாக வளைத்தான். விருமாண்டி முழங்காலில் முழுப் பாரத்தையும் ஏற்றினான். விலா எலும்பு ஒன்று முனகியது.

"பத்து நிமிஷம் ஆயிருச்சா அக்கா?"

அவள் செல்போனைப் பார்த்தாள். "நாலு."

"பொய் சொல்லாத."

"நாலுதேன். புடி."

கருவிழியின் மேல் வடித்த கஞ்சிபோல ஏதோ படிந்திருந்தது. தண்ணீர் கழுவக் கழுவ அது போகவில்லை. விருமாண்டியின் உதட்டு ரத்தம் அசீமின் நெற்றியில் சொட்டி, தண்ணீரோடு ஓடி, மண்ணில் ஊறியது. இருபது நிமிடம் அப்படியே பிடித்திருந்தான். கடைசியில் அசீம் அடிப்பதை நிறுத்திவிட்டான். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

சரக்கு ஏற்றும் குட்டி யானை வண்டியின் முன் சீட்டில் மூவரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். நடுவில் பாண்டியம்மாள், அசீமின் தலையைத் தன் தோளில் சாய்த்து, கேனிலிருந்து தண்ணீரை விட்டுக்கொண்டே வந்தாள். கண்ணாஸ்பத்திரி ஊருக்கு அந்தப் பக்கம். விருமாண்டி ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. திருநகரில் ஒரு கார் வழிவிடாமல் நின்றது. இறங்கிப் போய் அதன் பானெட்டில் முஷ்டியால் குத்தினான், தகடு குழிந்தது. உள்ளே இருந்தவன் கண்ணாடியைக்கூட இறக்காமல் வண்டியை ஒதுக்கினான். பசுமலை இறக்கத்தில் ஷேர் ஆட்டோவின் கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போனான். பின்னால் வந்த வசவு நெடுந்தூரம் துரத்தியது.

இத்தனைக்கும் அசீம் பேசவில்லை. எந்தச் சண்டைக்குப் பிறகும் அவன் இப்படி வாய் மூடி இருந்ததில்லை. அடி வாங்கியிருந்தாலும் அவன்தான் முதலில் கிண்டலை ஆரம்பிப்பான்.

பழங்காநத்தம் சிக்னலில் வண்டி நின்றது. முன்னால் ஒரு டவுன் பஸ். அப்போதுதான் வாய் திறந்தான்.

"நீ பிதுக்குனியா? இல்ல அதுவா வெடிச்சுச்சா?"

விருமாண்டி ஸ்டியரிங்கைப் பார்த்தான். அந்த நொடியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருந்தான். குத்து தெரிந்தது, மூடி தெறித்தது தெரிந்தது. விரல்கள் என்ன செய்தன என்பது மட்டும் தெரியவில்லை.

"தெரியல மாப்ள," என்றான். "அஸ்வினி மேடத்துக்கு நானே போன் போட்டுச் சொல்லிருதேன். பலகைய நாந்தேன் கெடுத்தேன், மூடுனதும் நாந்தேன்னு."

"பலகைய யாருடா கேட்டா."

பாண்டியம்மாள் கேனைச் சாய்த்தாள். கடைசித் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்து நின்றது. அசீம் தலையைத் தூக்கினான். இடது கண் திறந்துதான் இருந்தது, சிவந்து, இமை தடித்து. அது எங்கே பார்க்கிறது என்று சொல்ல முடியவில்லை.

விருமாண்டி கையை நீட்டினான். அசீம் முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். மறுபடி மெதுவாக நீட்டி, பாண்டியம்மாளைத் தாண்டி, கடிபட்ட கையாலேயே அவனுடைய நல்ல கண்ணைப் பொத்தினான். உள்ளங்கையில் இமைமயிர் துடிப்பது தெரிந்தது. முன்னால் நின்ற பஸ்ஸின் முதுகில் ஊர்ப் பெயர் ஒரு சாண் உயர எழுத்தில், வெள்ளையில் கறுப்பாக இருந்தது.

"அந்த பஸ்ஸு எந்த ஊருக்குப் போகுதுன்னு வாசி மாப்ள," என்றான். "முழுசா வேணாம். ஒரே ஒரு எழுத்து தெரிஞ்சாலும் சொல்லு."