பிடித்த இடம்: கடல்

“கூண்டு எங்க போட்டிருக்க? சொல்லுப்பா.”

டென்ஸிலின் கையிலிருந்த ரொட்டி வாய்க்குப் போகும் வழியிலேயே நின்றுவிட்டது.

இந்தக் கேள்வியை மட்டும் எந்த வயதிலும் கேட்கக் கூடாது என்று அம்மா கெரென்ஸாவை நடை பழக்கும்போதே பழக்கியிருந்தாள். “அப்பா யாருக்கு ஓட்டுப் போட்டார்னு வேணும்னா கேளு, வாங்கிக் கட்டிக்க. கூண்டு எங்கன்னு மட்டும் கேட்டுடாத.” போர்த்கெவர்ன் துறையில் ஒருவன் தன் நண்டுக் கூண்டுகளை எங்கே இறக்குகிறான் என்பது அவனோடு மண்ணுக்குள் போகிற சங்கதி. கட்டிய பெண்டாட்டிக்கும் தெரியாது, பாவ அறிக்கை கேட்கிற பாதிரியாருக்கும் தெரியாது.

“உங்கம்மா உனக்கு ஒண்ணும் சொல்லித் தரலையா?” என்றார் டென்ஸில்.

“சொல்லித் தந்தா. நான்தான் கேக்கல.”

கெரென்ஸா மேசைமேல் ஃபாரத்தை வைத்தாள். நாடு ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பை விட்டு வெளியே வந்து ஐந்து மாதம். அதற்கு முன் துறையின் ஆறு படகு நண்டும் ஒரே தண்ணீர்த் தொட்டி லாரியில் உயிரோடு ஏறும். மூன்றாம் நாள் ஸ்பெயினில் வீகோ நகரத்து அடுப்பில் வெந்துகொண்டிருக்கும். டிரைவர் கையில் ஒற்றைத் தாள், அதிலும் காப்பிக் கறை. இப்போது ஒரு கட்டுத் தாள். கால்நடை மருத்துவர் கையெழுத்து, எடை, படகின் பெயர், கடைசியில் ஒரு கேள்வி: பிடித்த இடம். வரைபடத்தில் எந்தக் கட்டம் என்று எழுத வேண்டும்.

இதற்காகத்தான் படகுக்காரர் சங்கம் அவளை வேலைக்கு வைத்தது. நாலு தலைமுறையில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள், ஸ்பானிஷ் பேசுவாள், ஃபாரத்தைப் பார்த்துப் பயப்படாதவள் அந்தத் துறையில் அவள் ஒருத்திதான்.

போன வாரம், இந்தப் பருவத்தின் முதல் லாரிக்கு, அந்தக் கேள்விக்கு டென்ஸில் பதில் எழுதியிருந்தார், கொட்டை எழுத்தில்: ‘கடல்’.

பிரெஞ்சுத் துறைமுகத்தில் லாரியை நிறுத்தினார்கள். இரண்டு நாள் வெயிலில் நின்றது. தொட்டித் தண்ணீர் சூடேறி ஆறு படகு நண்டும் செத்துப் போயின. திருப்பிக் கொண்டுவந்து குழி வெட்டிப் புதைத்தார்கள். தெற்குக் காற்று அடித்தால் இன்னும் ஊர் மூக்கைப் பொத்துகிறது. அன்று அவசரத்தில் கெரென்ஸாவும் தாளைப் பார்க்காமலே சேர்த்துக் கட்டி அனுப்பிவிட்டாள். அவள் கோபத்தில் பாதி அவள்மேலேயே இருந்தது. மீதிப் பாதி எதிரே உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தது.

“நான் என்ன பொய்யா எழுதினேன்? கடல்லதானே புடிச்சேன்? பின்ன என்ன, மரத்துலயா காய்க்குது?”

“அப்பா, விளையாடாத. இந்த வாரமும் லாரி திரும்புச்சுன்னா வீகோ வியாபாரி ரமீரோ அயர்லாந்துக்காரங்ககிட்ட வாங்கிக்குவாரு. நேத்து போன்ல சொல்லிட்டாரு. ஆறு வீட்டுக்கும் அடுப்பு அணையும். மணி பத்து. பதினொண்ணுக்கு லாரி.”

“கட்டத்தச் சொன்னா ஊருக்கே தெரிஞ்சுரும்.”

“கட்டம்தானே கேக்குறான்? எவ்வளவு பெரிய கட்டம் தெரியுமா? நம்ம ஊரைத் தூக்கி உள்ள போட்டாலும் தேடத்தான் வேணும்.”

“இன்னைக்குக் கட்டத்தக் கேப்பான், நாளைக்கு எந்தக் கல்லுக்குப் பக்கத்துலன்னு கேப்பான்.”

கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார் பாஸ்கோ. இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவர். டென்ஸில் எங்கே கூண்டு போடுகிறார் என்று இருபது வருடமாகத் துப்புத் துலக்கிக்கொண்டிருப்பவர். ஒருமுறை பனிமூட்டத்தில் பின்தொடர்ந்து போய்ப் பாறையில் மோதிப் படகின் அடி விசிறியை உடைத்துக்கொண்டவர். அவர் தலை தெரிந்ததும் கெரென்ஸாவின் கை தானாகவே கேக் தட்டை எடுத்து ஃபாரத்தின்மேல் வைத்தது.

“டீ இருக்கா, கண்ணு?” என்றபடி பாஸ்கோ கேக்கில் கை வைத்தார். “எந்த மடையன்டா கடல்னு எழுதினவன்? தெரிஞ்சா அவனை அந்த நண்டுக் குழியிலயே புதைச்சிடுவேன். நீ சொல்லேன் கெரென்ஸா, உனக்குத்தான் தெரியுமே.”

டென்ஸில் கோப்பைக்குள் எதையோ தேடினார்.

“சங்கத்து ரகசியம், மாமா. உங்க ஃபாரத்துல நீங்க பண்ணின தப்பைக்கூடத்தான் நான் யார்கிட்டயும் சொல்லல.”

“நானா? என்ன தப்பு?”

“எடை எழுதுற இடத்துல உங்க எடைய எழுதியிருந்தீங்க.”

பாஸ்கோ தன் தொந்தியைப் பார்த்தார், கேக்கைப் பார்த்தார், அதை வைக்காமலே வெளியே போனார். கதவு சாத்தியதும் டென்ஸில் கேக் தட்டை நகர்த்தி, அடியிலிருந்த ஃபாரத்தை அவள் பக்கம் தள்ளினார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“சரி, எழுதிக்க. கிழக்குக் கட்டம். கிழட்டுப் பாறைக்கு அந்தப் பக்கம்.”

கெரென்ஸா பேனாவை எடுக்கவில்லை. “அங்க நண்டு இல்லப்பா. வெறும் மணல்.”

“உனக்கென்னடி தெரியும்?”

“எனக்கு ஒன்பது வயசுல என்னைப் படகுல கூட்டிட்டுப் போன. தார்ப்பாய்க்கு அடியில படுத்துத் தூங்குன்ன. நான் தூங்கல. தேவாலயக் கோபுரம் சுரங்கத்துப் புகைபோக்கிக்குப் பின்னால மறையுறப்ப நீ இஞ்சினை நிறுத்தின. மேற்குக் கட்டம். நம்ம துறையில வேற ஒருத்தனும் போகாத இடம்.”

டென்ஸிலின் முகத்தில் ரத்தம் இல்லை. “யார்கிட்ட சொன்ன?”

“பாஸ்கோ மாமா ஐஸ்கிரீம் வாங்கித் தந்து கேட்டாரு. ஐஸ்கிரீமைத் தின்னுட்டுத் தெரியாதுன்னேன். மறுநாளும் வாங்கித் தந்தாரு. மறுநாளும் தெரியாதுன்னேன்.”

அவருக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. அடக்கப் பார்த்து இருமினார், கண்ணில் தண்ணீர் வந்தது. அது இருமலுக்கு வந்த தண்ணீர் மாதிரியும் இல்லை. “பதினாலு வருஷமா? அப்ப எழுதிக்க வேண்டியதுதானே. என்னை எதுக்குக் கேட்ட?”

“அது உன் இடம். நீ வாயால சொன்னாதான் எழுதுவேன்.”

டென்ஸில் வாயைத் திறந்தார். “மேற்...” என்று தொடங்கி மூடிக்கொண்டார். மறுபடி திறந்தார்.

“முடியலடி. எவனோ ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு என்னைக் கேள்வி கேக்கக் கூடாதுன்னுதான் வெளியேறணும்னு ஓட்டுப் போட்டேன். ‘நம்ம கடல் நமக்கே’ன்னு கோட்டுக்காரன் ஓட்டுக் கேட்டு இங்க வந்துதானே கையக் குலுக்கினான்?”

“குலுக்கினான். அப்புறம் இந்தப் பக்கம் எட்டிப் பாத்தானா? கூட்டுக்குள்ள இருந்த வரைக்கும் இந்தத் தாளை உன்கிட்ட எவனும் நீட்டலப்பா. வெளிய வந்தப்புறம்தான் நீட்டுறான். நான் படிக்கிறப்ப சும்மா பையைத் தூக்கிட்டு ஸ்பெயினுக்குப் போய் ஒரு வருஷம் இருந்தேன். அடுத்த வீட்டுப் புள்ள இனி விசாவுக்கு வரிசையில நிக்கணும். உன்மேல எனக்கு அவ்வளவு கோபம். அதுக்காக உன் இடத்த விக்க மாட்டேன். பொய் எழுதி அஞ்சு வீட்டைக் கவுக்கவும் மாட்டேன்.”

அவள் தாள்களுக்கு அடியிலிருந்த படகுப் பெயர்ப் பட்டியலை உருவிக் காட்டினாள். ஆறு படகில் ஒன்றின் மேல் கோடு இழுத்திருந்தது. அவருடைய படகு.

“இது எப்ப அடிச்ச?”

“காலையில. உன்னை எனக்குத் தெரியாதா?”

“அப்ப என் நண்டு?”

“லாரியில ஏறாது. இங்கயே விக்கிறேன், வீடு வீடா.”

“சிலந்தி நண்டையா? ஸ்பெயின்காரன்தான் திம்பான், இந்த ஊர்ல பூனைகூடத் திங்காதுடி.”

“பூனைக்கு விக்கல. மொத வீடு பாஸ்கோ மாமா வீடு. அவரு எது குடுத்தாலும் தின்பாரு.”

டென்ஸில் கோபப்பட்டுப் பார்த்தார், சரியாக வரவில்லை. மகள் தாள்களை அடுக்கிக்கொண்டு எழுந்ததும் அவரும் எழுந்தார். வழியை மறிப்பார் போலிருந்தது. மறிக்கவில்லை. ஆணியில் தொங்கிய தன் எண்ணெய்த்துணி மழைக்கோட்டை எடுத்து நீட்டினார்.

“மழை வருது. தாள் நனையாம கொண்டு போ.”

கெரென்ஸா அதைப் போட்டுக்கொண்டாள். கை நீளம் விரலைத் தாண்டித் தொங்கியது. ஐந்து படகின் தாளை மார்போடு அணைத்துப் பித்தானைப் பூட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், லாரி நிற்கிற இறக்கத்தில் இறங்கி நடந்தாள்.