கோட்டு ஏறிப்போன ரயில்

"வெளிநாட்டு ரயில் ஒண்ணை ஒத்தை விசில்ல கிளப்பி விட்டேன்யா. எட்டுப் பெட்டி. டிரைவருக்கு என்னைத் தெரியாது, எனக்கு அவன் பாஷை தெரியாது. ஊதினேன். போயிடுச்சு."

தையல் கடை பெஞ்சில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். விசில்காரர் கழுத்தில் தொங்கிய பித்தளை விசிலைச் சாட்சிக்கு அழைப்பதுபோல் தூக்கிக் காட்டினார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றபோது கொடியையும் விளக்கையும் திருப்பிக் கொடுத்தவர், விசிலை மட்டும் கழற்றவில்லை. குளிக்கும்போதும் அது கழுத்தில்தான்.

தையல்காரர் தலை நிமிரவில்லை. விசில்காரர் மனைவியின் தம்பி அவர். "போன வாரம் ஆறு பெட்டின்னீங்க, அத்தான்."

"யோசிக்க யோசிக்கப் பெட்டி கூடுது மச்சான்."

பெஞ்சு மறுபடி குலுங்கியது. பனி மூக்கில் விழுந்து மூக்கே இரண்டு நாள் காணாமல் போனது, அறைச் சாவி என்று ஓர் அட்டையைக் கொடுத்ததும் அதைத் தின்பதா தேய்ப்பதா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றது, தனியாளாக ஒரு நகரத்தையே வழி கேட்டுக் களைப்படைய வைத்தது என்று வண்டி வண்டியாக விட்டார். கதை முடிந்து, துணியும் வாங்கி, எல்லோரும் போனார்கள். சிரிப்பும் அவர்களோடு போய்விட்டது.

தையல்காரர் மிதியை நிறுத்தினார்.

"கோட்டு எங்க அத்தான்?"

விசில்காரர் ஊர் திரும்பியதிலிருந்து தையல்காரர் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அது. அக்காவும் அத்தானும் சேர்ந்து போவதாக இருந்த பயணம். அக்கா குளிர் தாங்கமாட்டாள் என்று கருநீலக் கம்பளித் துணி எடுத்து, கண்ணாடியை எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுகிறவள் என்பதால் உள்ளே ஆழமாக ஒரு பையும் வைத்து, அவர் கையால் தைத்தது. அளவு பார்க்க ஒரே ஒரு தடவை போட்டாள். பிறகு பயணமும் இருந்தது, கோட்டும் இருந்தது, அவள் இல்லை.

"யாருக்காவது குடுத்திருந்தா சொல்லிடுங்க. தொலைச்சிருந்தாலும் சொல்லுங்க. அவளுக்குன்னு நான் கடைசியாத் தைச்சது. கடையில மாட்டி வச்சுக்கலாம்னுதான் கேக்கிறேன். ரயில் கதை மட்டும் வேணாம்."

"அந்தக் கதைதான் மச்சான் இருக்கு."

விசில்காரர் இந்தத் தடவை விசிலைத் தொடவில்லை. அங்கே ஹோட்டல் அறையில் இரண்டு துண்டு, இரண்டு தலையணை வைத்திருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் எதிர் நாற்காலியை எடுத்துப் போகட்டுமா என்று பக்கத்து மேசைக்காரர்கள் சைகையில் கேட்டார்கள். மலை தெரிந்தால் "இங்க பாரேன்" என்று வாயில் வந்துவிடும். திரும்பினால் பாஷை தெரியாத யாரோ மரியாதைக்காகத் தலையாட்டுவார். மூன்றாம் நாள் கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டே கிளம்பினார். ரயிலில் ஜன்னலோரத்தில் அதை விரித்துப் போட்டு, தான் பக்கத்தில் உட்கார்ந்தார். கடைசி ஸ்டேஷனில் கடல். அந்தக் காலை நன்றாக இருந்தது. வழியெல்லாம் பேசிக்கொண்டே போனார்.

"நடுவுல ஒரு ஸ்டேஷன்ல காப்பி வாங்க இறங்கினேன். வாங்கிட்டுத் திரும்புறேன், ஏறுற ஆள் எல்லாரும் ஏறியாச்சு, பிளாட்பாரம் காலி. காலி பிளாட்பாரத்தைப் பார்த்தா இந்தக் கை சும்மா இருக்குமா. கப்பைக் கீழ வச்சேன். ஊதினேன். கையையும் தூக்கிட்டேன்."

"கதவு மூடிடுச்சா?"

"மூடிடுச்சு. அவ ஜன்னல்ல. நான் கீழ."

இத்தனை வருஷமும் கடைசிப் பெட்டியில் ஏறிப் போனவர் அவர். வாசலில் நின்று பார்த்தவள் அவள்.

"தேடலையா அத்தான்?"

"தொலைஞ்ச சாமான் கேக்கிற இடத்துக்குப் போனேன். அந்தப் பொண்ணு போன்ல பேசி, அதை நம்ம பாஷையில மாத்திக் காட்டுச்சு. தொலைஞ்சது பொருளா, ஆளான்னு கேட்டிருந்துச்சு. என்ன சொல்றதுன்னு தெரியலை, வந்துட்டேன். கடல் வரைக்கும் போயிருப்பா."

தையல்காரர் நம்பாத முகத்தோடுதான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் யாரோ சைக்கிளை நிறுத்தி, கடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"கீழ வச்சீங்களே, எத்தனை கப்பு?"

"ரெண்டு."

"ரெண்டுலயும் சர்க்கரையா?"

"ஒண்ணுல போடச் சொல்லலை. அவதான் போட்டுக்க மாட்டாளே."

தையல்காரர் மெஷின் இழுப்பறையைத் திறந்தார். நூல்கண்டுகளை ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து ஒரு கருநீலப் பித்தானை எடுத்தார். கோட்டில் ஒன்று அறுந்தால் தைத்துக் கொடுக்கலாம் என்று மிச்சம் வைத்தது. அதை அத்தானின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். மிதியில் காலை வைத்தார். ஆனால் மிதிக்கவில்லை.

"எட்டுப் பெட்டியெல்லாம் இருக்காது அத்தான்," என்றார். "ஆனா நடந்திருக்கு."